விஷ டப்பா ஏறிய வழியே இறங்கட்டும்!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அந்த வளைவுகளில் காப்பி மூட்டை இறங்குகிறது. மிளகு மூட்டை இறங்குகிறது. ஆரஞ்சும் பலாவும் இறங்குகின்றன. ஒரு காலத்தில் சேர்வராயன் மலையின் வயிற்றைக் கிழித்து எடுத்த பாக்சைட் மண்ணும் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாக இறங்கியது. மலை கொடுப்பதெல்லாம் கீழே இறங்குகிறது.

ஆனால் மேலே ஏறிய ஒரு சரக்கு மட்டும் ஏறியது ஏறியபடியே கிடக்கிறது. பூச்சி விஷம் அடைத்த டப்பாவும் கேனும் பாட்டிலும்தான் அந்தச் சரக்கு. நிறைந்து ஏறுகிறது, காலியாகி மலையிலேயே தங்கிவிடுகிறது. ஓடையில் கிடக்கிறது, செடிக்கடியில் கிடக்கிறது, லயன் வீட்டு வாசலில் கிடக்கிறது. சில வீடுகளில் அடுப்படிக்கே வந்துவிடுகிறது.

இது சின்ன விஷயம் என்று நினைக்கும் தோழர்கள் இருக்கலாம். கூலி, போனஸ், வீடு, ஆஸ்பத்திரி என்று எத்தனையோ பிரச்னைகள் இருக்கும்போது காலி டப்பாவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். நமது நினைப்பை மாற்றியது ஒரு குடம் தண்ணீர்.

ஒரு கேனின் கதை

தோட்டத் தொழிலாளரைப் பார்க்க மலைக்குப் போயிருந்தபோது ஒரு லயன் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். வேலை முடிந்து வந்த அம்மா ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், ஊற்றிலிருந்து பிடித்து வந்த தண்ணீரைக் குடத்தில் ஊற்றினார். அவர் தண்ணீர் கொண்டுவந்த பாத்திரம் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன். அதன் மேல் ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்திருந்தார். ஆனாலும் ஓரத்தில் மஞ்சள் முக்கோணத்தின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

“அம்மா, இது மருந்துக் கேன் இல்லையா?” என்று கேட்டோம்.

“ஆமா தம்பி. நாலு தரம் சாம்பல் போட்டுத் தேச்சுக் கழுவிட்டேன். இப்ப வாடையே இல்லை. மூடி கெட்டியா இருக்குது, தூக்கறதுக்கு வாட்டமா இருக்குது” என்றார்.

அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஒரு நல்ல கேன் வாங்கக் காசு வேண்டும். தோட்டத்தில் சும்மா கிடப்பதை எடுத்துக் கழுவிக்கொண்டால் காசு மிச்சம். வாடை போனால் விஷம் போய்விட்டது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். விஷம் போகவில்லை என்று சொல்ல வேண்டியவர்கள் யாரும் சொல்லவில்லை. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் ஊறிய விஷம் சாம்பலுக்கும் நாருக்கும் முழுக்க வராது. அந்தத் தண்ணீரில்தான் பேரப்பிள்ளைக்குக் கஞ்சி காய்கிறது.

நம்முடைய பேச்சிலேயே ஒரு மோசம் இருக்கிறது, கவனியுங்கள். “மருந்தடிக்கப் போகிறேன்” என்கிறோம். “மருந்துக் கேன்” என்கிறோம். மருந்து என்றால் நோயைத் தீர்ப்பது. இது உயிரைக் கொல்லச் செய்த சரக்கு. கம்பெனிக்காரன் வைத்த பெயரை நாமும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். இந்தக் கட்டுரையில் அதை விஷம் என்றே சொல்லுவோம்.

பூச்சியின் வேலை என்ன?

விஷம் ஏன் மலைக்கு ஏறுகிறது என்று முதலில் பார்ப்போம். பூச்சி பொய்யல்ல. பூச்சியால் வரும் நஷ்டமும் பொய்யல்ல.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். இங்கே பெரும்பாலும் அராபிகா காப்பி. அராபிகாவின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டு துளைப்பான். இந்த வண்டு பட்டையின் வெடிப்பில் முட்டையிடும். புழு தண்டுக்குள் புகுந்து மரத்தைத் தின்றுகொண்டே பல மாதம் உள்ளேயே வாழும். பட்டையில் மேடு மேடாகத் தெரியும், இலை மஞ்சளாகும், செடி வாடும். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வண்டுகள் வெளியே பறந்து அடுத்த செடிக்குப் போகும். நிழல் குறைந்து வெயில் விழும் இடத்தில் இதன் ஆட்டம் அதிகம்.

இரண்டாவது எதிரி காப்பிக் காய்த் துளைப்பான். இந்தியாவில் இதை முதன்முதல் 1990-ல் கூடலூர்ப் பக்கம் கண்டார்கள். எள்ளைவிடச் சின்ன கறுப்பு வண்டு. காயின் தொப்புளில் துளைபோட்டு உள்ளே குடும்பம் நடத்தும். பறிக்காமல் செடியில் விட்ட காயும், கீழே சிந்திக் கிடக்கும் பழமும்தான் அதற்கு அடுத்த பருவம்வரை வீடு.

இந்த இரண்டையும் அடக்கக் கையாலே செய்யும் வழிகள் உண்டு. அவற்றைக் காப்பி போர்டே நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. வண்டு பறக்கும் பருவத்துக்கு முன்பே ஆள் விட்டு ஒவ்வொரு செடியாகப் பார்த்து, துளைப்பான் விழுந்த செடியை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். தண்டின் தளர்ந்த பட்டையைத் தேய்த்து எடுத்துவிட்டால் முட்டையிட வெடிப்பு இராது. தண்டுக்குச் சுண்ணாம்புக் கரைசல் பூசலாம். நிழல் மரத்தை வெட்டாமல் காப்பாற்ற வேண்டும். காய்த் துளைப்பானுக்கு, பறிக்கும்போது செடிக்கடியில் சாக்கு விரித்து, சிந்தியதைப் பொறுக்கி, மிச்சக் காயையும் விடாமல் பறிக்க வேண்டும். துளை விழுந்த காயைக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் அமுக்கினால் உள்ளே இருப்பது சாகும். சாராய வகை வாசனை வைத்துப் பிடிக்கும் பொறியும் உண்டு. பூச்சியைக் கொல்லும் பூஞ்சணமும் உண்டு.

இந்த வழிகளெல்லாம் வேலை செய்யும் வழிகள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் கை வேண்டும், கண் வேண்டும், ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும். இங்கேதான் முதலாளியின் கணக்கு புகுகிறது. பத்துப் பேர் பல நாள் பார்க்க வேண்டிய செடிகளை, பீப்பாயில் விஷம் கலக்கி இரண்டு பேர் சில நாளில் முடித்துவிடலாம். எட்டுப் பேர் கூலி மிச்சம். டப்பா மலையேறுவது பூச்சிக்காக மட்டுமல்ல, அந்த எட்டுப் பேரின் கூலிக்காகவும்தான் என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு விஷத்துக்கும் ஒரு காலம்

தண்டு துளைப்பானுக்கு முதலில் பி.எச்.சி. என்றார்கள். 1997-ல் அது தடை செய்யப்பட்டது. அடுத்து லிண்டேன் என்றார்கள். அதுவும் பி.எச்.சி. குடும்பத்தின் பிள்ளைதான். 2013-ல் அதற்கும் தடை வந்தது. காய்த் துளைப்பானுக்கு எண்டோசல்பான் என்றார்கள். கேரளத்தில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில், 1970-களின் கடைசியிலிருந்து 2000 வரை அந்த விஷத்தை ஆகாயத்திலிருந்து கொட்டினார்கள். கொட்டியது தனியார் முதலாளிகூட அல்ல. சர்க்கார் தோட்டக் கார்ப்பரேஷன்! ஊனமாகப் பிறந்த குழந்தைகளின் படம் உலகம் முழுக்கப் போன பிறகு, 2011-ல் சுப்ரீம் கோர்ட் எண்டோசல்பானை நிறுத்தியது.

இப்போது தண்டுக்குப் பூசப்படுவது குளோர்பைரிபாஸ். இது நரம்பைத் தாக்கும் விஷம். தலைவலி, வியர்வை, வாந்தி, கண் மங்கல், மூச்சுத் திணறல் எல்லாம் இதன் அடையாளங்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்று பல நாட்டு விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். ஐரோப்பிய நாடுகள் 2020-ல் இதை நிறுத்தின. அதே 2020-ல் நமது மத்திய சர்க்காரும் 27 விஷங்களைத் தடை செய்ய ஒரு நகல் உத்தரவு போட்டது. குளோர்பைரிபாஸ் அதில் இருந்தது. கம்பெனிகள் ஆட்சேபம் எழுப்பின. 2023-ல் முடிவு வந்தபோது சில பயிர்களுக்கு மட்டும் விலக்கிவிட்டு குளோர்பைரிபாஸ் தப்பித்துக்கொண்டது. 2025-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் கூடி, உலகத்திலிருந்தே ஒழிக்க வேண்டிய விஷங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தன, சில விதிவிலக்குகளோடு.

இந்த வரலாற்றில் ஒரு கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை ஒரு விஷத்துக்குத் தடை வந்தபோதும், அதுவரை மலையேறியிருந்த டப்பாக்கள் என்ன ஆயின? பாதி மிச்சமிருந்த பி.எச்.சி. பொடி எங்கே போயிற்று? தீர்ந்துபோன லிண்டேன் கேன் எங்கே? தடை உத்தரவு கெஜட்டில் வந்தது. டப்பா மலையிலேயே கிடந்தது. இந்த விஷங்களில் சில, மண்ணில் பல ஆண்டுகள் சாகாமல் கிடக்கக்கூடியவை.

எரிக்கலாமா? புதைக்கலாமா?

“டப்பாவை எரித்துவிடுகிறோம்” என்று சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. குளோரின் கலந்த விஷமும் பிளாஸ்டிக்கும் அரைகுறைத் தீயில் எரியும்போது டயாக்சின் என்ற கொடிய நஞ்சு புகையில் கிளம்புகிறது. எரிப்பவன் மூக்கில் முதலில் ஏறுகிறது; பிறகு சாம்பலாகி ஓடைக்குப் போகிறது.

“புதைத்துவிடுகிறோம்” என்பவர்களும் உண்டு. இதற்குச் சட்டமே துணை நிற்கிறது. பூச்சிக்கொல்லி விதிகள், 1971, காலி டப்பாவை மறுபடி யாரும் உபயோகிக்காதபடி உடைத்து, குடியிருப்புக்குத் தொலைவில் புதைக்க வேண்டும் என்று சொல்லுகின்றன. சமவெளிக்கு அது ஓரளவு பொருந்தலாம். மலைக்குப் பொருந்துமா? சேர்வராயன் மலையில் பல இடங்களில் கொஞ்ச ஆழம் தோண்டினாலே பாறை. மேலே புதைத்தது மழையில் சரிவோடு இறங்கும். கீழே ஊற்று, ஊற்றுத் தண்ணீரைத்தான் மலைக் கிராமம் குடிக்கிறது. மலையில் “குடியிருப்புக்குத் தொலைவு” என்று தேடிப் போனால் அது பெரும்பாலும் இன்னொரு கிராமத்துக்கு மேலே இருக்கும்!

மலையோடு நிற்கும் விஷயமும் அல்ல இது. ஏற்காட்டு ஏரி நிரம்பினால் கிளியூர் அருவியில் விழுகிறது. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்துதான் சேலம் நகருக்குள் நுழைகிறது. அங்கே சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்துகொண்டு நாமக்கல் ஜில்லா வழியாகக் காவிரிக்குப் போகிறது. சரபங்கா நதியும் இந்த மலையில் பிறந்து ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரியில் சேருகிறது. கீழே வயலில் இறங்கி நாற்று நடும் பெண்ணின் காலையும், மேலே ஓடையில் எறிந்த டப்பாவையும் ஒரே தண்ணீர்தான் தொடுகிறது. ஆலைத் தோழர்களுக்கும் வயல் தோழர்களுக்கும் இந்த மலைப் பிரச்னை சொந்தப் பிரச்னை என்று நாம் சொல்லுவது இதனால்தான்.

மூன்றாவதாக ஒரு வழி நடக்கிறது. காலிக் கேன் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. எடை போட்டுக் காசு வாங்குகிறார்கள். அது எங்கே போய் உருகி, எந்த வாளியாக, எந்தக் குடமாகத் திரும்பி நம் வீட்டுக்கே வருகிறது என்று யாருக்கும் கணக்கு இல்லை.

சட்டம் பிறந்த கதை

இந்த நாட்டில் பூச்சி விஷத்துக்குச் சட்டம் வந்ததே பிணங்களின் மேல்தான். 1958-ல் கேரளத்தில் உணவுப் பொருளும் பாலிடால் விஷமும் ஒன்றாக ஏற்றப்பட்டு வந்து, விஷம் கலந்த மாவைத் தின்ற 100 பேருக்கு மேல் மாண்டார்கள். விசாரணைக் கமிஷன் வந்தது. பத்து ஆண்டு கழித்து 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1971-ல் விதிகள் வந்தன. விஷம் தெளிக்கும் ஆளுக்குப் பாதுகாப்பு உடை, முகமூடி, முதலுதவி, பயிற்சி, வைத்தியப் பரிசோதனை எல்லாம் அந்த விதிகளில் எழுதப்பட்டுள்ளன.

1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2010-ல் அதைத் திருத்தி, விஷத்தைக் கையாளுவதிலும் சேமிப்பதிலும் கொண்டுபோவதிலும் தொழிலாளியின் பாதுகாப்பு முதலாளியின் கடமை என்றும், விஷத்தில் வேலை செய்பவரை அவ்வப்போது வைத்தியர் பரிசோதிக்க வேண்டும் என்றும், கழுவவும் குளிக்கவும் வசதி வேண்டும் என்றும் சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21-ந் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலாக்கியது; பழைய தோட்டத் தொழிலாளர் சட்டம் அதில் கரைந்துவிட்டது. விஷத்தைப் பற்றிய கடமை புதிய தொகுப்பிலும் எழுதப்பட்டிருக்கிறது. புதிய சட்டம், பழைய சட்டம் என்று சாக்குச் சொல்லி எந்த நிர்வாகமும் இதிலிருந்து நழுவ முடியாது. இதைத் தோழர்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏட்டில் இவ்வளவும் இருக்கிறது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு விஷம் தெளித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளரும் 20 பேருக்கு மேல் செத்தபோதும் இந்த விதிகள் ஏட்டில் இருந்தன. செத்தவர்கள் உடம்பில் பாதுகாப்பு உடை இருந்ததா?

கழிவைப் பற்றிய சட்டத்தையும் பாருங்கள். விஷம் பட்ட வெற்றுப் பீப்பாய் ஓர் ஆலையில் கிடந்தால் அது அபாயகரமான கழிவு என்று 2016 விதிகள் பட்டியல் போடுகின்றன. கண்ட இடத்தில் எறிய முடியாது. அதே 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள், நகரத்து வீட்டில் கிடக்கும் பூச்சி விஷ டப்பாவையும் வீட்டு அபாயக் கழிவு என்று பெயர் சொல்லி, 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு இடம் வேண்டும் என்றன. அந்தக் கணக்கை மலைக்குப் போட்டால், 380 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஏற்காட்டு மலைக்கு 19 இடமாவது வேண்டும். ஆனால் விதி எழுதியவர்களின் கண் நகரத்தைத் தாண்டவில்லை. நகரத்து அலமாரியில் இருக்கும் ஒரு கரப்பான் விஷ டப்பாவுக்குச் சட்டம் உண்டு. மலைத் தோட்டத்தில் மூட்டை மூட்டையாகக் குவியும் கேனுக்குக் குழி தோண்டச் சொல்லுகிறது சட்டம்!

மலைக்கு மலை சாட்சி

“ஏறியதை இறக்க முடியுமா?” என்று கேட்பவர்களுக்குக் கோடைக்கானல் பதில் சொல்லும்.

அங்கே இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. அமெரிக்காவிலிருந்து பெயர்த்து எடுத்து வந்த ஆலை. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, டன் கணக்கில் ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் சாக்கு மூட்டையில் கிடந்ததை 2001 மார்ச் மாதம் ஊர் ஜனங்களும் தொழிலாளரும் சுற்றுச்சூழல் இயக்கத்தாரும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. பாதரசத்தில் வேலை செய்த 591 பழைய தொழிலாளருக்கு 2016-ல்தான் கம்பெனி உடன்படிக்கை செய்து பணம் கொடுத்தது. பதினைந்து ஆண்டு போராட்டம் அது.

கடல் தாண்டி 290 டன் திரும்பிப் போக முடியுமென்றால், ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இருபது வளைவு இறங்கக் காலிக் கேனால் முடியாதா?

இன்னொரு சாட்சி நமது கண் முன்னே இருக்கிறது. நீலகிரியில் உடைந்த சாராய பாட்டில்கள் காட்டு மிருகங்களின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு வந்தது. ஹைகோர்ட் உத்தரவுப்படி 2022-ல் டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் சேர்த்து வாங்கினார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைத்தது. குடித்த பாட்டிலுக்குக் கணக்கு வைக்கத் தெரிந்த சர்க்காருக்கு, கொல்லும் பாட்டிலுக்குக் கணக்கு வைக்கத் தெரியாதா? மிருகத்தின் காலுக்கு இரக்கப்பட்டது மிக நியாயம். அந்த இரக்கத்தில் கொஞ்சம் லயன் வீட்டுக் குழந்தையின் வயிற்றுக்கும் வேண்டாமா?

காப்பி விளையும் பிரேசில் நாட்டில் 2000-ல் ஒரு சட்டம் போட்டார்கள். விஷம் வாங்கியவர் ஓர் ஆண்டுக்குள் காலி டப்பாவைக் கழுவித் திருப்பித் தர வேண்டும். விற்றவர் அதை வாங்கிக்கொள்ள இடம் காட்ட வேண்டும். செய்த கம்பெனி அதைக் கொண்டுபோய் முறையாக ஒழிக்க வேண்டும். இன்று அங்கே பிளாஸ்டிக் டப்பாவில் பத்துக்கு ஒன்பது திரும்பி வருகிறது. பிரேசில் ஒன்றும் தொழிலாளியின் சொர்க்கம் அல்ல. உலகத்திலேயே அதிகம் விஷம் கொட்டும் நாடுகளில் அதுவும் ஒன்று. அந்த நாட்டுக் கம்பெனிகளே டப்பாவைத் திருப்பி எடுக்கும்போது, அதே ஜாதிக் கம்பெனிகள் இங்கே மட்டும் ஏன் கையை உதறிக்கொண்டு போகின்றன? அங்கே சட்டம் கட்டாயப்படுத்துகிறது, இங்கே கேட்பாரில்லை.

“சின்ன விவசாயி என்ன செய்வான்?”

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. மலையில் பெரிய எஸ்டேட் மட்டும் இல்லை. நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டைப் பக்கங்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் சின்னக் காணியில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் பூச்சி வருகிறது. அவர்களும் டப்பா வாங்குகிறார்கள். தோட்டத் தொழிலாளர் சட்டம் 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டத்தைத்தான் கணக்கில் எடுத்தது. சின்னவருக்கு உடையும் கிடையாது, வைத்தியரும் கிடையாது. கடைக்காரர் சொன்னதுதான் அவருக்குச் சாஸ்திரம்.

அவரிடம் போய் “நீ குற்றவாளி” என்று சொல்லுவது அநியாயம். காப்பி விலை விழுந்தால் முதலில் விழுபவர் அவர். கிராமத்து வாலிபர்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் பிழைக்கப் போய்விட்டபோது, செடி செடியாகப் பார்க்க ஆளுக்கு எங்கே போவார்? எனவே அவர் மீது பாரம் ஏற்றாத வழி வேண்டும். டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் அவருக்குக் காசு வர வேண்டும். துளைப்பான் விழுந்த செடியைப் பிடுங்கி எரித்தால், புதுச் செடிக்கும் கூலிக்கும் காப்பி போர்டு உதவ வேண்டும்.

“சுமை கீழே இறங்கினால் சமவெளி ஜனங்களுக்கு ஆபத்து இல்லையா?” என்று இன்னொரு கேள்வி வரும். நல்ல கேள்வி. போபாலில் 1984-ல் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற யூனியன் கார்பைடும் பூச்சி விஷ ஆலைதான். அங்கே கிடந்த 337 டன் கழிவு 40 ஆண்டு கழித்து 2025 ஜனவரியில் பீதம்பூருக்குப் போனது. எரிப்பதற்கு அங்குள்ள ஜனங்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஏழையின் வாசலிலிருந்து எடுத்து இன்னோர் ஏழையின் வாசலில் கொட்டுவதை நாம் கேட்கவில்லை. டப்பா இறங்கிப் போக வேண்டிய இடம் சேலத்துப் புறநகர்க் குப்பைமேடு அல்ல. விற்ற கடைக்கு, கடையிலிருந்து செய்த கம்பெனிக்கு, கம்பெனியின் செலவில், அனுமதி பெற்ற இடத்தில் ஒழிப்பதற்கு. லாபம் யாருக்குப் போகிறதோ, சுமையும் அவர்களுக்கே போக வேண்டும்.

நமது தவறையும் சொல்லுவோம்

இந்த விஷயத்தில் நிர்வாகத்தையும் கம்பெனியையும் மட்டும் குறை சொன்னால் பாதி உண்மைதான் சொன்னதாகும். நமது சங்கங்களும் கூலி உயர்வு, போனஸ் என்று மனுக்கொடுத்த அளவுக்கு விஷத்தைப் பற்றிக் கொடுக்கவில்லை. “மருந்தடிக்கிற வேலைக்குக் கூடக் கூலி” என்று கேட்டோம், “எந்த மருந்து? எதற்கு? டப்பா எங்கே?” என்று கேட்கவில்லை. உடம்பை விற்றுக் கூலி வாங்குவதைக் கூலி உயர்வு என்று நினைத்துவிட்டோம். இந்தத் தவறைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இனி நாம் கேட்க வேண்டியவை இவை:

1. தோட்டத்துக்குள் எத்தனை டப்பா வந்தது, எத்தனை திரும்பிப் போயிற்று என்று எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுத வேண்டும். காலிக் கேனை மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிக்கும் பீப்பாயிலேயே ஊற்றி, கேனில் துளையிட்டு, பூட்டிய அறையில் வைக்க வேண்டும்.

2. ஒவ்வொரு டப்பாவுக்கும் முன்பணம் வைத்து, திருப்பிக் கொடுப்பவருக்கு அந்தப் பணம் கிடைக்க வேண்டும். விற்ற கடை வாங்க மறுத்தால் லைசென்ஸ் ரத்தாக வேண்டும். 1971 விதியில் உள்ள “புதை” என்ற சொல்லை எடுத்துவிட்டு “திருப்பிக் கொடு” என்று எழுத வேண்டும்.

3. தடை செய்யப்பட்ட விஷத்தின் பழைய மிச்சம் எந்தக் கிடங்கில் இருந்தாலும், கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளச் சர்க்கார் மலைக்கு வண்டி அனுப்ப வேண்டும்.

4. விஷ வேலைக்குப் போகிறவருக்கு உடையும் முகமூடியும் சோப்பும் குளிக்க இடமும், குளிக்கும் நேரத்துக்குக் கூலியும் வேண்டும். குறித்த காலத்தில் ரத்தப் பரிசோதனை வேண்டும். முடிவைத் தொழிலாளி கையில் கொடுக்க வேண்டும்.

5. துளைப்பான் விழுந்த செடியைத் தேடிப் பிடுங்குவதற்கும், பட்டை தேய்ப்பதற்கும், சிந்திய காய் பொறுக்குவதற்கும் தனி ஆளும் முழு நாள் கூலியும் வேண்டும். விஷம் குறைந்தால் வேலை நாள் கூடும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

கோரிக்கை நிறைவேறும்வரை காத்திருக்க முடியாத சில காரியங்களும் உண்டு. அவற்றை நாளைக் காலையே செய்யலாம். எந்தக் காலி டப்பாவையும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். டப்பாவின் முக்கோணத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம், பிறகு பச்சை. பச்சை என்றாலும் விஷம் விஷம்தான். காற்றுக்கு எதிராக நின்று தெளிக்காதீர்கள். கை கழுவாமல் பீடியையோ வெற்றிலையையோ தொடாதீர்கள். யாருக்காவது தலை சுற்றி வாந்தி வந்தால் விஷம் பட்ட துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்; டப்பாவின் மேல் தாளையும் எடுத்துப் போங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான மாற்று மருந்து போட முடியும்.

அந்த லயன் வீட்டு அம்மாவின் கேனை நாம் கையோடு வாங்கி வந்துவிட்டோம். பதிலுக்கு ஒரு புதுக் குடம் வாங்கிக் கொடுத்தோம். “கேன் நல்லா இருந்துச்சே, தம்பி” என்று அவர் வருத்தப்பட்டார். ஒரு கேனை நாம் வாங்கிவிட்டோம். மலையில் கிடக்கும் எல்லாக் கேனையும் நம்மால் வாங்க முடியாது. விற்றவன் வந்து வாங்கட்டும். வாங்கும்வரை, ஒவ்வொரு தோட்டத்து அலுவலக வாசலிலும் காலிக் கேன்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்:

“ஏற்றி வந்தது நீ. இறக்கிக் கொண்டுபோவது எப்போது?”